திராட்சைப் பந்தலுக்கு வரும் விருந்தினர்: கம்பம் பள்ளத்தாக்கில் ஹலால் பண்ணைத் தங்கல் தொடங்க ஒரு வழிகாட்டி

கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் பக்கம் கொஞ்சம் தோட்டம் வைத்திருப்பவர்கள் இரண்டு பேர் சந்தித்தால், பேச்சு சீக்கிரமே திராட்சை விலைக்கு வந்துவிடும். நம் பந்தலில் பழம் குலுங்கும்போது மண்டியில் விலை இருக்காது. விலை ஏறும் நேரத்தில் நம் பந்தலில் கவாத்து முடிந்து வெறும் குச்சி நிற்கும். இதே ஊர் வழியாகத்தான் தேக்கடிக்குப் போகும் கார்கள் நாள் முழுக்க ஓடுகின்றன. அவற்றில் சென்னை, திருச்சி, கேரளம், மலேசியா, சிங்கப்பூர் என்று பல பக்கத்து முஸ்லிம் குடும்பங்களும் இருக்கின்றன. டீக்கடையில் வண்டியை நிறுத்தி அவர்கள் கேட்பது பெரும்பாலும் இரண்டே கேள்விதான்: சாப்பாடு ஹலாலா? தொழ இடம் இருக்கிறதா?

இந்த இரண்டுக்கும் தோட்டத்திலேயே பதில் இருந்தால், ஊரைக் கடந்து போகிற பணத்தில் ஒரு பங்கு இங்கேயே தங்கும். அதை எப்படித் தொடங்குவது என்பதைத்தான் எழுதுகிறேன். நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது ஒன்றுதான். தோட்டம் தோட்டமாகவே இருக்க வேண்டும், விருந்தினர் அதன் மேல் வரும் கூடுதல் வருமானமாக இருக்க வேண்டும். பந்தலைப் பிரித்து நீச்சல் குளம் வெட்டினால் வந்தவருக்குப் பார்க்க எதுவும் மிஞ்சாது.

இது புதிய யோசனையும் இல்லை. இந்தோனேசியாவின் லொம்போக் தீவு 2015-இல் அபுதாபியில் நடந்த விருது விழாவில் சிறந்த ஹலால் சுற்றுலாத் தலம் என்று பெயர் வாங்கியது. அடுத்த ஆண்டே அந்த மாகாணம் ஹலால் சுற்றுலாவுக்கென்று தனிச் சட்டம் போட்டது. அங்கே ரிஞ்சானி மலையடிவாரத்தில் செம்பாலுன் என்ற ஊரில் வெள்ளைப்பூண்டும் ஸ்ட்ராபெரியும் விளைகின்றன. தெத்தெபாத்து என்ற கிராமத்தில் நெல் வயல்களுக்கு நடுவில் உள்ளூர்க் குடும்பங்கள் அறை விடுகின்றன. ஹலால் சாப்பாடும் பள்ளிவாசலும் அந்த மக்களின் அன்றாட வாழ்க்கையில் ஏற்கெனவே இருந்தவை. நம் பள்ளத்தாக்கிலும் அப்படித்தான். ராவுத்தர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் ஊர்கள் இவை. பாங்கு சத்தம், ஹலால் கறிக்கடை, நோன்புக் கஞ்சி எல்லாம் இங்கே புதிதாகக் கொண்டுவர வேண்டியவை அல்ல.

முஸ்லிம் அல்லாத விவசாயி இதைச் செய்ய முடியுமா என்று சிலர் கேட்கிறார்கள். தாராளமாக முடியும். பக்கத்துத் தெரு முஸ்லிம் குடும்பம் ஒன்றைச் சமையலுக்குப் பங்காளியாகச் சேர்த்துக்கொண்டால் போதும். என் கணிப்பில் இந்தக் கூட்டுதான் ஊருக்கு இன்னும் நல்லது.

முதல் வேலை: தோட்டத்தைச் சுற்றி நடந்து பாருங்கள்

அறை கட்டுவதற்கு முன்னால் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு ஒரு நாள் தோட்டத்தைச் சுற்றுங்கள். விருந்தினருக்கு எந்த மாதத்தில் எதைக் காட்ட முடியும் என்று எழுதுங்கள். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மஸ்கட் ஹாம்பர்க் என்ற ரகம் இது. நாட்டின் பல பகுதிகளில் திராட்சை வருடத்தில் சில மாதம் மட்டும் கிடைக்க, இங்கே வருடம் முழுக்க எங்காவது ஒரு பந்தலில் அறுவடை நடக்கிறது. சுற்றுலாவுக்கு இதைவிடப் பெரிய சொத்து வேறில்லை.

ஆனால் 'எங்காவது ஒரு பந்தல்' என்பதைக் கவனியுங்கள். உங்கள் பந்தலில் எல்லா மாதமும் பழம் இருக்காது. கவாத்து செய்ததிலிருந்து பழம் பறிக்க மூன்றரை, நான்கு மாதம் ஆகிறது. அதனால் தனியாகத் தொடங்காதீர்கள். அக்கம்பக்கத்தில் மூன்று, நான்கு தோட்டக்காரர்களைச் சேர்த்துக்கொண்டு, யார் எந்த மாதம் கவாத்து செய்கிறார்கள் என்று ஒரு காலண்டரில் குறித்து மாட்டுங்கள். இன்றைக்கு வந்த விருந்தினரைப் பழம் இருக்கும் தோட்டத்துக்குக் கூட்டிப் போங்கள். அவர்கள் பறிக்கும் கிலோவுக்கு அந்தத் தோட்டக்காரருக்கே நேரடியாகப் பணம் போகட்டும். மண்டிக் கமிஷனும் லாரி வாடகையும் இல்லாமல் விற்கும் பழம் அது. அறை உங்களுடையது, பழம் அவருடையது, யாருக்கும் மனக்குறை வராது.

மருந்து அடிக்கும் விஷயத்தில் மட்டும் கொஞ்சமும் விட்டுக்கொடுக்காதீர்கள். திராட்சைக்கு நாம் மருந்து அடிக்கிறோம், அதை மறைத்துப் பயனில்லை. எந்தப் பந்தலுக்கு எந்தத் தேதியில் என்ன மருந்து அடித்தோம், பறிக்க எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்பதை ஒரு அட்டையில் எழுதிப் பந்தல் வாசலிலேயே தொங்கவிடுங்கள். அந்த நாள் முடியாத பந்தலுக்குள் விருந்தினரை, குறிப்பாகக் குழந்தைகளை, விடவே கூடாது. காத்திருப்பு முடிந்த பழத்தையும் கழுவித்தான் கொடுக்க வேண்டும். ஹலாலோடு 'தய்யிப்' என்ற சொல்லையும் சேர்த்துச் சொல்வார்கள், தூய்மையானது, நல்லது என்று பொருள். விஷம் ஒட்டிய பழம் அந்தக் கணக்கில் சேராது.

திராட்சையோடு நிறுத்த வேண்டாம். முல்லைப் பெரியாறு அணை 1895-இல் முடிந்ததிலிருந்து இந்தப் பள்ளத்தாக்கின் நெல் வயல்களுக்கு அந்தத் தண்ணீர்தான் உயிர். லோயர் கேம்ப்பில் அந்த அணையைக் கட்டிய பொறியாளர் பென்னிகுவிக்கின் மணிமண்டபத்தைக் காட்டி, அங்கிருந்து வாய்க்கால் வழியாக உங்கள் வயல் வரை தண்ணீர் வரும் கதையைச் சொன்னால் பெரியவர்களும் பிள்ளைகளும் ஆர்வமாகக் கேட்பார்கள். நாற்று நடவு, தென்னை, வாழை, பால் கறப்பது எல்லாமே நகரத்துப் பிள்ளைகளுக்குப் புதிது. ஏலக்காய் வாங்க ஆசைப்படுபவர்களுக்குப் போடி இருக்கிறது.

காகித வேலைகள்

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். இருக்கிற வீட்டில் ஒன்றிரண்டு அறையை ஒதுக்குவதாக இருந்தால் வேலை எளிது. விவசாய நிலத்தில் புதிதாகக் கட்டுவதாக இருந்தால், நில வகை மாற்றமும் கட்டட அனுமதியும் தேவைப்படும். மலையடிவாரக் கிராமம் என்றால், உங்கள் சர்வே எண் மலைப்பகுதிப் பாதுகாப்புப் பட்டியலில் வருகிறதா என்று கிராம நிர்வாக அலுவலரிடமும் ஊராட்சியிலும் முதலிலேயே கேட்டுவிடுங்கள். கட்டிய பிறகு கேட்டால் தலைவலி.

தங்கும் இல்லங்களுக்குச் சுற்றுலாத் துறையின் பதிவுத் திட்டம் இருக்கிறது. உரிமையாளர் குடும்பத்தோடு அங்கேயே குடியிருந்து சில அறைகளை மட்டும் விடும் வீடுகளுக்கானது அது. சமைத்துப் போடுவதற்கு உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு வேண்டும். வெளிநாட்டுக் கடவுச்சீட்டோடு யார் தங்கினாலும், அவர் உறவினராகவே இருந்தாலும், வந்த 24 மணி நேரத்துக்குள் குடியேற்றத் துறையின் இணையதளத்தில் விவரம் பதிய வேண்டும். சி-படிவம் என்று சொல்லி வந்தார்கள். மலேசியா, சிங்கப்பூர் விருந்தினரை எதிர்பார்ப்பவர்கள் இதற்கான கணக்கை முன்கூட்டியே தொடங்கி வையுங்கள்.

ஹலால் சான்றிதழ் வாங்க வேண்டுமா? இரண்டு அறைத் தங்கலுக்குத் தேவையில்லை என்பதே என் கருத்து. இறைச்சி ஏற்றுமதி செய்பவருக்கும் பொட்டல உணவு விற்பவருக்கும் அது உதவும். உங்களிடம் வருபவர், கறி எந்தக் கடையில் வாங்கினீர்கள், யார் அறுத்தது, யார் சமைத்தது என்று கேட்பார். அதற்கு நேராகப் பதில் சொல்ல முடிந்தால் அதுவே போதும்.

அறை, தண்ணீர், திசை

புதியவர்கள் அதிகம் தவறவிடும் இடம் இது. கட்டில், ஏசி என்று செலவழித்துவிட்டு, குழாயை மறந்துவிடுவார்கள்.

கழிப்பறையில் கை ஷவர் கட்டாயம். வாளியும் குவளையும் கூட வையுங்கள், வயதானவர்களுக்கு அதுதான் பழக்கம். ஒளு செய்ய, அதாவது தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவ, தாழ்வான குழாயும், முழங்கால் வலி உள்ளவர்கள் உட்கார்ந்து கால் கழுவ ஒரு திண்ணையும், வழுக்காத தரையும் வேண்டும். அந்தத் தண்ணீரை வாழைக்குத் திருப்பிவிட்டால் வீணாகாது.

கழிப்பறைப் பீங்கான் கிப்லாவை, அதாவது தொழும்போது முகம் திருப்பும் மக்காவின் திசையை, நோக்கியோ அதற்கு முதுகு காட்டியோ இருக்கக் கூடாது. வடக்கு தெற்காக வைத்தால் சிக்கல் இல்லை. கொத்தனாரிடம் இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள், பதித்த பிறகு திருப்ப முடியாது.

கிப்லா என்றால் மேற்கு என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். கம்பத்திலிருந்து கணக்குப் பார்த்தால் அது நேர் மேற்கிலிருந்து வடக்குப் பக்கம் ஏறத்தாழ 22, 23 பாகை சாய்ந்திருக்கிறது. கைபேசித் திசைகாட்டி இரும்புக் கம்பி, தகரக் கூரைக்குப் பக்கத்தில் தவறாகக் காட்டும். நம்பகமான வழி சூரியன்தான். மே 28 பிற்பகல் 2.48 மணிக்குச் சூரியன் மக்காவிலுள்ள கஅபாவுக்கு நேர் மேலே இருக்கும். அந்த நிமிடத்தில் வெட்டவெளியில் நேராக ஒரு குச்சி நட்டு, நிழலின் நுனியிலிருந்து குச்சியின் அடியை நோக்கிக் கோடு இழுத்தால் அதுவே கிப்லா. ஜூலை 16 பிற்பகல் 2.57 மணிக்கும் இது நடக்கும், ஆனால் அப்போது தென்மேற்குப் பருவமழை மேகம் நம் பக்கம் மூடிக்கொள்ளும். மே மாதத்தை நம்புங்கள். குறித்த திசையை அறைக் கூரையில் ஒரு சிறிய அம்புக்குறியாக ஒட்டிவிட்டு, அலமாரியில் துவைத்த முஸல்லா (தொழுகை விரிப்பு) இரண்டு, பெண்களுக்குத் தொழுகை உடை ஒன்று வையுங்கள்.

தொழுகை நேர அட்டை தொங்கவிடுவீர்கள். அதில் அஸர் என்ற பிற்பகல் தொழுகையின் நேரத்தை இரண்டாகப் போடுங்கள். நம் ராவுத்தர் ஊர்கள் பெரும்பாலும் ஹனஃபி மத்ஹபு (மத்ஹபு என்றால் இஸ்லாமியச் சட்ட வழி). காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்க்காரர்களும் மலேசியர்களும் பெரும்பாலும் ஷாஃபி. அவர்களுக்கு அஸர் சீக்கிரமே வந்துவிடும். பக்கத்துப் பள்ளிவாசல் எத்தனை நிமிட நடை, வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை எத்தனை மணிக்கு, பெண்களுக்குத் தனி இடம் உண்டா என்பதையும் அதே அட்டையில் எழுதிவிடலாம்.

அடுத்தது மறைவு. பெண்கள் துணிமணி உலர்த்த, காற்றாட உட்கார, தலைத்துணியைத் தளர்த்தி ஓய்வெடுக்க, தோட்ட வேலைக்காரர்கள் கண்ணில் படாத ஒரு முற்றம் வேண்டும். தென்னந்தட்டி வைத்து மறைத்தாலே போதும். தொட்டிக் குளியல் ஏற்பாடு செய்தால் குடும்பத்துக்கு ஒரு மணி நேரம் என்று ஒதுக்கிவிட்டு, அந்த நேரத்தில் மோட்டார் போடக்கூட ஆண் யாரும் அந்தப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அனுமதி கேட்காமல் விருந்தினரைப் படம் எடுத்து விளம்பரத்துக்குப் போடவே போடாதீர்கள்.

நாய் இல்லாத தோட்டம் இருக்காது, தெரியும். ஆனால் ஷாஃபி மத்ஹபில் நாய் விஷயத்தில் சுத்தம் பற்றிய சட்டம் கடுமையானது. மலேசிய விருந்தினர் நாய் உரசிவிட்டால் உண்மையிலேயே சங்கடப்படுவார்கள். விருந்தினர் இருக்கும் நாட்களில் நாயைத் தோட்டத்தின் மறுகோடியில் கட்டிவிடுங்கள்.

அடுப்படி

முதலில் ஒரு எளிய வழி. காய்கறி, பருப்பு, முட்டை, மீன் இவற்றுக்கு அறுப்பு முறை தேவையில்லை. அதனால் முதல் ஆறு மாதம் கறி சமைக்காமலே தொடங்கலாம். வைகை அணை மீன், தோட்டத்துக் கீரை, தேங்காய்ப் பால், கேப்பைக் களி, கருவாட்டுக் குழம்பு என்று போட்டாலே வந்தவர்கள் மனம் நிறைந்து போவார்கள். நகரத்தில் பிரியாணி கிடைக்காமல் யாரும் இங்கே வருவதில்லை. கடல் உணவில் நண்டு, இறால் போடும்போது கேட்டுக்கொள்ளுங்கள். ஹனஃபிக்காரர்கள் நண்டு சாப்பிடுவதில்லை, இறாலில் அவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு.

கறி சமைக்கத் தொடங்கும்போது ஒரே கடையை வாடிக்கையாக்குங்கள். அறுப்பவர் முஸ்லிம், பிஸ்மில்லாஹ் (அல்லாஹ்வின் பெயரால்) சொல்லி அறுக்கிறார், இரத்தம் முழுக்க வடிகிறது என்பதை நீங்களே போய்ப் பாருங்கள். எங்கள் தோட்டத்தில் ஒரு முறை ஆள் கூடிவிட்டதென்று கடைசி நேரத்தில் வேறொரு கடையில் கோழி வாங்கிவிட்டோம். யார் அறுத்தது என்று விருந்தினர் கேட்டபோது என்னால் சொல்ல முடியவில்லை. மூன்று குடும்பமும் சண்டை போடாமல் ரசம் சோறு சாப்பிட்டுப் போனார்கள். இன்றைக்கும் அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. அன்றிலிருந்து கறி பற்றவில்லை என்றால் முட்டைதான்.

முஸ்லிம் அல்லாத வீட்டில் நடத்துபவர்கள் விருந்தினருக்கென்று தனிப் பாத்திரமும் தனி அடுப்பும் வைத்துவிட்டால் கேள்விக்கே இடமில்லை. கடையில் வாங்கும் கேக், ஜெல்லி, மிட்டாய் வகைகளில் விலங்கிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் இருக்கிறதா என்று பொட்டலத்தைப் படியுங்கள். வெனிலா எசன்ஸில் ஆல்கஹால் இருக்கலாம். மது அனுமதி இல்லை என்பதை முன்பதிவின்போதே சொல்லிவிடுங்கள். அது வேலைக்கு வருபவர்களுக்கும் சேர்த்துத்தான்.

திராட்சைத் தோட்டம் வைத்திருப்பவர் தனியாக யோசிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. பன்னீர் திராட்சைச் சாறு நம் வெயிலில் வெளியே இருந்தால் சீக்கிரம் நொதிக்கத் தொடங்கிவிடும். போதை தரும் நிலைக்குப் போனால் அது ஹராம், இஸ்லாம் தடுத்தது. பிழிந்த சாற்றை அப்போதே குடிக்கக் கொடுங்கள். மிஞ்சினால் குளிர்பெட்டியில் வையுங்கள், மறுநாளைக்கு வேண்டாம். கேனில் அடைத்து 'ஊருக்குக் கொண்டு போங்கள்' என்று கொடுக்கவே கூடாது. கொண்டு போக ஏதாவது வேண்டும் என்றால் உலர்திராட்சை, ஜாம் இரண்டும் நல்ல வழி. தென்னையிலும் இதே கதைதான், இளநீர் போதும், இறக்கிய பானம் எதுவும் வேண்டாம்.

ஒரு நாளை எப்படி நகர்த்துவது

விடியற்காலைத் தொழுகையான சுப்ஹு தொழுதுவிட்டு வருபவர்களுக்குச் சுக்குக் காப்பியோ டீயோ தயாராக இருந்தால், விடிகிற நேரத்தில் தோட்டத்தைச் சுற்றிக் காட்டிவிடலாம். வெயில் ஏறுமுன் பழம் பறிப்பு முடிந்துவிடும். சுருளி அருவி, தேக்கடி என்று வெளியே போகிற நாளில் நண்பகல் லுஹர் தொழுகைக்கு எந்தப் பள்ளிவாசலில் நிறுத்துவது என்று டிரைவருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். சூரியன் மறைந்ததும் வரும் மஃரிப் தொழுகைக்குள் வீடு திரும்புவது போலத் திட்டம் போடுங்கள். சுருளி வனத்துறைக் கட்டுப்பாட்டில் இருக்கிறது, தண்ணீர் அதிகம் வந்தால் குளிக்கத் தடை போடுவார்கள். காலையில் விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.

ரமளான் மாதத்தில் ஆள் வராது என்று பூட்டிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பிள்ளைகளோடு அமைதியாக நோன்பு வைக்க இடம் தேடும் குடும்பங்கள் உண்டு. நோன்பு தொடங்குமுன் சாப்பிடும் ஸஹருக்கு மூன்றரை, நான்கு மணிக்குச் சூடான சோறு, நோன்பு திறக்கக் கஞ்சி, வடை, பந்தலில் பறித்த திராட்சை. வேறென்ன வேண்டும்? பள்ளிவாசல் கஞ்சியை வாங்கிக் கொடுத்து, அதற்கு உங்களால் முடிந்ததைப் பள்ளிக்குக் கொடுத்துவிடுங்கள்.

நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடு வரை ஐயப்ப பக்தர்கள் வண்டிகளால் குமுளிச் சாலை நிறைந்துவிடும், கம்பம்மெட்டு வழியாக ஒருவழிப் பாதையும் போடுவார்கள். சிங்கப்பூர், மலேசியப் பள்ளி விடுமுறையும் ஏறத்தாழ அதே காலத்தில்தான் வருகிறது. பயண நேரத்தைக் கூட்டிச் சொல்லி வையுங்கள். மதுரை விமான நிலையத்திலிருந்து மூன்று மணி நேரம் என்று சாதாரணமாகச் சொல்லலாம், அந்த நாட்களில் அது போதாது. 2023-இலிருந்து போடி வரை ரயிலும் வருகிறது.

பணம்

ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்ப்போம். இரண்டு அறை, ஒரு இரவுக்கு அறைக்கு 2,000 ரூபாய், மாதத்தில் எட்டு இரவு நிறைந்தால் 32,000 ரூபாய். சாப்பாட்டுக்குத் தனி. இதில் சமையல், துப்புரவு, மின்சாரம், துணி வெளுப்பு எல்லாம் போக உங்கள் கையில் நிற்பதை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும். எட்டு இரவு நிறைய ஒரு வருடம்கூட ஆகலாம். அதுவரை திராட்சையும் நெல்லும்தான் உங்களுக்குச் சோறு போடும்.

வட்டிக்கு வாங்கித் தொடங்காதீர்கள். இஸ்லாமிய மார்க்கம் தடுத்தது ஒரு பக்கம், வாரக்கடைசியை மட்டும் நம்பும் தொழிலால் மாதத் தவணையைத் தாங்க முடியாது என்பது இன்னொரு பக்கம். கூட்டுச் சேர்ந்தால், லாபத்தை என்ன விகிதத்தில் பிரிப்பது என்று முதலிலேயே எழுதுங்கள். நட்டம் வந்தால் அவரவர் போட்ட முதலின் அளவுக்குத் தாங்க வேண்டும். ஒருவர் முதல் போட, மற்றவர் உழைப்பு மட்டும் போட்டால், பண நட்டம் முதல் போட்டவருக்கு, உழைத்தவருக்கு உழைப்பு நட்டம். சொந்தக்காரர்தானே என்று வாய்ப்பேச்சோடு விட்டுவிடாமல் இரண்டு சாட்சி வைத்து எழுதிவிடுங்கள்.

செலவு நோட்டில் இரண்டு பத்தி போடுங்கள். ஊருக்குள் போன பணம், ஊருக்கு வெளியே போன பணம். பால்காரர், மீன்காரர், கறிக்கடை, சமையல் அக்கா, ஆட்டோ ஓட்டும் தம்பி, பக்கத்துத் தோட்டத்துப் பழம் எல்லாம் முதல் பத்தி. முன்பதிவுத் தளத்துக்குப் போகும் கமிஷன், பெருங்கடையில் வாங்கிய சோப்பு, தண்ணீர்ப் பாட்டில் எல்லாம் இரண்டாவது. மாதக் கடைசியில் கூட்டிப் பாருங்கள். இரண்டாவது பத்தி பெருத்துக்கொண்டே போனால் எதையாவது ஊருக்குள் மாற்ற முடியுமா என்று யோசியுங்கள். நாங்கள் தண்ணீர்ப் பாட்டிலை நிறுத்தி மண்பானை வைத்தோம். விருந்தினர் அதை விரும்பிக் குடிக்கிறார்கள்.

முதல் விருந்தினர்

முதல் மூன்று, நான்கு வாரக்கடைசிக்குத் தெரிந்த குடும்பங்களையே கூப்பிடுங்கள். பணம் வாங்காதீர்கள், அதற்குப் பதில் குறைகளை எழுதித் தரச் சொல்லுங்கள். குறிப்பாகப் பெண்களிடம் கேளுங்கள். கதவுத் தாழ்ப்பாள் சரியில்லை, குளியலறை ஜன்னல் உயரம் பற்றாது, இரவில் முற்றத்து விளக்கு கண்ணைக் கூசுகிறது என்பதெல்லாம் அவர்கள் சொல்லித்தான் தெரியவரும். அவற்றைச் சரிசெய்த பிறகு விலை போடுங்கள்.

விருந்தினர் கிளம்பும்போது பழம் கேட்பார்கள். பாலித்தீன் பையில் இறுகக் கட்டிக் கொடுத்தால் திண்டுக்கல் தாண்டுவதற்குள் வியர்த்துப் போகும். ஓட்டை போட்ட அட்டைப் பெட்டியில் அடியில் காகிதம் விரித்து, அடிபடாத கொத்தாகப் பார்த்து, ஒரே அடுக்காக வையுங்கள். அன்று காலையில் பறித்ததாக, பனி ஈரம் காய்ந்த பழமாக இருக்க வேண்டும். பெட்டியின் மேல் தோட்டத்துக்காரர் பெயரையும், மருந்து அடித்த தேதியையும், பறித்த தேதியையும் எழுதி ஒட்டிவிடுங்கள்.